மேடை ஏறுமுன் மேசையில் கூடுவோம்

(தொலைக்காட்சிக் கருத்துமேடை நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'மாநாடு' என்றதும் நம் கண்முன் என்ன வருகிறது? குத்துவிளக்கு, பதாகை, பொன்னாடை, மேடையில் வரிசையாக நாற்காலிகள், மலர் வெளியீடு, மதிய உணவு. இவையெல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு நாளுக்காக ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பிருந்தே சிலர் கூடிக் கூடிப் பேசியிருப்பார்கள். அந்தக் கூட்டங்களில் யாரும் விளக்கேற்றுவதில்லை, படம் எடுப்பதில்லை, செய்தியாளர்களை அழைப்பதுமில்லை. மாநாட்டால் என்ன பயன் விளையப்போகிறது என்பது மட்டும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த முன்னேற்பாட்டுக் கூட்டங்களைப் பற்றித்தான்.

நம் சிங்கப்பூர் மாநாடுகளின் ஊர். சன்டெக் மாநாட்டு மையம் 1995இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு டிசம்பரிலேயே உலக வர்த்தக நிறுவனத்தின் முதல் அமைச்சர்நிலை மாநாடு இங்கே நடந்தது. 2006 செப்டம்பரில் அனைத்துலகப் பண நிதியமும் உலக வங்கியும் தங்கள் ஆண்டுக் கூட்டத்தை இங்கே நடத்தின. 2010இல் மரினா பே சேண்ட்ஸ் வந்தது. இப்படிப்பட்ட பெரிய மாநாடுகளுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமும் வேலை செய்யும் நிபுணர்கள் இருக்கிறார்கள்.

நம் தமிழ் அமைப்புகளின் நிலை வேறு. ஆசிரியர்களோ, எழுத்தாளர்களோ, கணினித் துறையினரோ, பகலில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் பெருவிரைவு ரயில் பிடித்துத் தேக்காவுக்கு வருகிறார்கள். சிராங்கூன் ரோட்டில் ஏதாவது ஓர் உணவகத்தின் மாடியிலோ, சமூக மன்றத்து அறையிலோ, நூலகத்திலோ, பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்திலோ கூடுகிறார்கள். எல்லாரும் தொண்டூழியர்கள். காசு குறைவு, நேரம் அதைவிடக் குறைவு. அப்படி இருக்கும்போது அந்த ஒன்றரை மணி நேரக் கூட்டத்தை நாம் வீணாக்கலாமா?

ஒரு மாநாட்டுக்கு முந்திய கூட்டம் எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதற்குத் தமிழர்களின் வரலாற்றிலேயே நல்ல சான்றுகள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்த்துவிடுவோம்.

டெல்லியில் ஒரு சிறு கூட்டம்

1964 ஜனவரி. புதுடெல்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் 26ஆவது அனைத்துலக மாநாடு நடந்துகொண்டிருந்தது. பல நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் தமிழாய்வில் ஈடுபாடு கொண்ட சிலர் ஜனவரி 7ஆம் தேதி தனியாகக் கூடினார்கள். கூட்டியவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். அப்போது கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைத் தலைவர். அவருக்குத் துணை நின்றவர் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியம்.

அன்று பிறந்ததுதான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவரானார். தனிநாயகம் அடிகளும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர் பொறுப்பை ஏற்றார்கள். இரண்டே கால் ஆண்டு கழித்து, 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ், 1974இல் யாழ்ப்பாணம் என்று அது தொடர்ந்தது.

மின்னஞ்சல் இல்லாத காலம் அது. வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதே பெரும் செலவு. எல்லாம் விமானத் தபாலில்தான். அப்படியும் அது நடந்தது எப்படி? அவர்கள் செய்த இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, எல்லாரையும் ஓரிடத்தில் சேர்க்கத் தனியாகப் பணம் தேடவில்லை. வேறொரு மாநாட்டுக்கு எப்படியும் வரப்போகிறவர்களை அங்கேயே பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது, 'ஒரு மாநாடு போடலாமே' என்று பேசிவிட்டுக் கலையவில்லை. யார் தலைவர், யார் செயலாளர் என்று பெயர் எழுதிவிட்டுத்தான் எழுந்தார்கள். நாளும் இடமும் பிறகு வந்தன. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். மண்டபத்தை முதலில் பிடித்துவிட்டு, எதற்காக மாநாடு என்பதைப் பிறகு யோசிக்கிறோம்.

1997: சிங்கப்பூர் போட்ட விதை

இரண்டாவது சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. இன்று கைத்தொலைபேசியில் தமிழில் ஒரு வரி தட்டி அனுப்பினால், உலகத்தின் எந்த மூலையிலும் அது தமிழாகவே தெரிகிறது. 1990களில் நிலைமை அப்படி இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஓர் எழுத்துரு, தனக்கென்று ஒரு குறியீடு, தனக்கென்று ஒரு விசைப்பலகை வைத்திருந்தது. நீங்கள் ஒன்றில் எழுதி அனுப்பிய கடிதம் என் கணினியில் புரியாத குறிகளாக விழும். நீங்கள் வைத்திருக்கும் அதே எழுத்துருவை நானும் நிறுவினால்தான் படிக்கலாம்.

இதைத் தீர்க்க வேண்டும் என்று முனைந்தவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர், சிறுகதை எழுத்தாளர், 'கணியன்' மென்பொருளை உருவாக்கியவர். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் இணையத்தில் ஏறியபோது, தமிழ்க் கவிதைகளை ஏற்றியவர் அவர்தான். அவரும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த டாக்டர் டான் டின் வீயும் முன்னின்று, 1997 மே 17, 18ஆம் தேதிகளில் 'தமிழ்நெட் 97' என்ற அனைத்துலகக் கருத்தரங்கை இங்கே நடத்தினார்கள். தமிழ்க் கணிமைக்கென்று கூடிய அனைத்துலக மாநாட்டு வரிசை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த இரண்டு நாளில் எந்தத் தரமும் முடிவாகிவிடவில்லை. ஆனால் எதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள், எதில் ஒத்துப்போகவில்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, ஐரோப்பா, அமெரிக்கா என்று சிதறிக் கிடந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். அடுத்த இருபத்தொரு மாதங்கள் மின்னஞ்சலில் வாதம், எதிர்வாதம், திருத்தம். ஒரு நாளைக்குப் பத்து மடல் எழுதியவர்களும் உண்டு. அந்த உழைப்பை எல்லாம் சுமந்துகொண்டு 1999 பிப்ரவரி 7, 8ஆம் தேதிகளில் சென்னையில் 'தமிழ் இணையம் 99' மாநாடு கூடியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் அதற்கு முதுகெலும்பாக இருந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டு அரசு தரத்தை அறிவித்தது. 'தமிழ் 99' விசைப்பலகை என்று இன்று நாம் சொல்வது அதுதான்.

உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 எழுத்துகளுக்கு விசை இருந்தால் 247 எழுத்துகளும் வந்துவிடும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். கால் நூற்றாண்டு கடந்தும் இன்றும் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் அது புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் அந்த அறிவிப்பைப் பார்க்க நா. கோவிந்தசாமி இல்லை. 1999 மே மாதமே அவர் காலமாகிவிட்டார். மேடையில் நின்று கைத்தட்டல் வாங்கும் வாய்ப்பு, முன்னேற்பாடு செய்தவர்களுக்குச் சில நேரங்களில் கிடைப்பதே இல்லை.

ஒன்று தீர்ந்தது, ஒன்று தீரவில்லை

இதே கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. அதையும் சொல்வதுதான் நியாயம். விசைப்பலகை விஷயத்தில் ஒரு தரம் வந்தது. எழுத்துக் குறியீட்டு விஷயத்தில் அப்படி வரவில்லை. தமிழ் மட்டும் எழுதுவதற்கு 'டாம்' என்றும், தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவதற்கு 'டாப்' என்றும் இரண்டை அரசு அறிவித்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் தாங்கள் மின்னஞ்சலில் கலந்து பேசி உருவாக்கிய 'திஸ்கி' குறியீட்டையே தொடர்ந்து பயன்படுத்தினார்கள். ஆக, ஒன்று வரவேண்டிய இடத்தில் மூன்று. மேடையில் அறிவித்துவிட்டால் மட்டும் வேற்றுமை தீர்ந்துவிடுவதில்லை. கூட்டத்துக்கு முன்பே தீராதது, கூட்டத்துக்குப் பின்னும் நம்மோடுதான் வரும்.

இவ்வளவுக்கும் நடுவே, நாம் உட்காராத வேறொரு மேசையில் தமிழுக்கு ஏற்கெனவே இடம் ஒதுக்கி முடித்திருந்தார்கள். யூனிகோட் என்று சொல்லப்படும் ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991இல் வந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. எழுத்துகளை அடுக்கியது எந்த அடிப்படையில்? இந்திய அரசு 1988இல் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக வகுத்திருந்த 'இஸ்கி' முறையின் அடிப்படையில். அந்த முறையில் 'க' என்பது ஓர் இடம். 'க்' என்று எழுத, 'க'வும் புள்ளியுமாக இரண்டு இடம் வேண்டும். மெய்யெழுத்தை அடிப்படையாகக் கொள்ளும் தமிழ் இலக்கணத்துக்கு இது தலைகீழ் என்று அறிஞர்கள் பலர் குறை சொன்னார்கள். குறை நியாயமானதாக இருக்கலாம். ஆனால் ஒருமுறை ஒதுக்கிய இடத்தை மாற்றுவதில்லை, நீக்குவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதியான கொள்கை. உலகம் முழுக்க அதை நம்பி ஆவணங்கள் இருப்பதால் அந்தக் கொள்கையிலும் நியாயம் இருக்கிறது.

நாம் 1997இல் கூடிப் பேசத் தொடங்கியபோது அந்த அடித்தளம் போட்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறகு தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்று, கூடவே 'டேஸ் 16' என்ற மாற்றுக் குறியீட்டையும் அறிவித்தது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி. ஒரு மேசையில் நாற்காலி போடாததற்கு நாம் கொடுத்த விலை ஏறத்தாழ இருபது ஆண்டுக் குழப்பம்.

நிரலை முன்னதாகப் படித்தவர்கள்

பாடம் கற்றுக்கொண்டோமா? கற்றுக்கொண்டோம் என்றுதான் சொல்லவேண்டும். 2000 ஜூலை 22 முதல் 24 வரை சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் 'உத்தமம்' என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. நம் ஊரின் அருண் மகிழ்நன் உள்ளிட்டோர் அதற்கு முன்னின்றார்கள். அந்த அமைப்பு மாநாடு நடத்துவதோடு நிற்கவில்லை. கலைச்சொல், ஒருங்குறி, இணையக் களப்பெயர், ரோமன் எழுத்தில் தமிழ் என்று தலைப்புக்கு ஒரு பணிக்குழுவை அமைத்தது. 2001இல் கோலாலம்பூர், 2002இல் கலிஃபோர்னியா, 2003இல் சென்னை, 2004 டிசம்பரில் மறுபடியும் சிங்கப்பூர். ஒரு மாநாட்டுக்கும் அடுத்த மாநாட்டுக்கும் இடையில் வேலை நடக்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பணிக்குழுக்கள்.

2010இல் ஒரு நிகழ்ச்சி. ஒருங்குறியில் கிரந்த எழுத்துக்கு இடம் கேட்டு முன்மொழிவுகள் போயிருந்தன. கிரந்தப் பகுதியில் சில தமிழ் எழுத்துகளையும் சேர்க்கலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. இது கூட்ட ஆவணங்களில் இருப்பதைத் தமிழ் ஆர்வலர்கள் கவனித்தார்கள். தமிழறிஞர்கள் குரல் கொடுத்தார்கள். முடிவெடுப்பதைத் தள்ளிவைக்கும்படி தமிழ்நாட்டு அரசு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2014இல் கிரந்தம் ஒருங்குறியில் சேர்ந்தபோது அந்தத் தமிழ் எழுத்துகள் அதில் இல்லை. இந்த விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்பது இன்றைய தலைப்பு அல்ல. முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை யாரோ படித்திருக்கிறார்கள். அதனால்தான் பேச முடிந்தது. அதேபோல, பழந்தமிழ்ப் பின்னங்கள், அளவைக் குறிகள் உட்பட 51 எழுத்துகள் 2019இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. அதற்குமுன் பல ஆண்டுகள் ஆவணம் எழுதுவதும் அறிஞர்களைக் கேட்பதும் திருத்துவதுமாகவே கழிந்தன.

சரி, இவையெல்லாம் பெரிய இடத்து விவகாரங்கள். நம் சங்கத்தின் மாநாட்டுக்கு இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது? ஐந்து செய்திகள் சொல்கிறேன்.

முதல் கூட்டத்தில் ஒரே கேள்வி

முதல் கூட்டத்தில் மண்டபத்தைப் பற்றிப் பேசாதீர்கள். சிறப்பு விருந்தினர் யார் என்றும் பேசாதீர்கள். 'மாநாடு முடிந்த மறுநாள் காலையில் எது மாறியிருக்க வேண்டும்?' இந்த ஒரு கேள்விக்குப் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'உயர்நிலை ஒன்றுக்கான வாசிப்புப் பட்டியலில் பத்துப் புத்தகங்களுக்கு ஆசிரியர்கள் உடன்படவேண்டும்' என்று எழுதினால் அது வேலைக்கு ஆகும். 'தமிழ் வளரவேண்டும்' என்று எழுதினால் ஆகாது. தமிழ் வளரவேண்டும் என்பதில் யாருக்குத்தான் மறுப்பு? மறுப்பே எழாத வாக்கியத்துக்கு மாநாடு தேவையில்லை.

யார் உட்காருவது?

ஏற்பாட்டுக் குழுவில் நமக்கு ஒத்தவர்களையே சேர்ப்பது மனித இயல்பு. வேலை சுமுகமாகப் போகும்தான். ஆனால் மாநாட்டு நாளில் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, 'என்னை யாரும் கேட்கவில்லையே' என்று ஆரம்பித்தால், அரைநாள் போய்விடும். எதிர்த்துப் பேசக்கூடியவரை முதல் மாதத்திலேயே அழைத்து ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள். அவர் சொல்வதில் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதிக்குப் பதில் தயாரிக்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

அதோடு, யாருக்காக மாநாடு நடத்துகிறோமோ அவர்களில் ஒருவராவது அந்த மேசையில் இருக்கவேண்டும். பாலர் பள்ளித் தமிழைப் பற்றி மாநாடு என்றால் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கவேண்டும். இளையர் மாநாட்டுக்கு ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் கூடித் திட்டம் போடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

1997 மே 17 சனிக்கிழமை. 2000 ஜூலை 22 சனிக்கிழமை. 2015இல் தமிழ் இணைய மாநாடு மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தபோது மே 30 முதல் ஜூன் 1 வரை வைத்தார்கள். சனி, ஞாயிறு, அதை அடுத்து விசாக தினப் பொது விடுமுறை. இப்படி நாள் பார்ப்பதும் ஒரு கலைதான்.

நம் ஊரில் ஜனவரி, பிப்ரவரியில் பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு. ஏப்ரலில் தமிழ்மொழி விழா, நல்ல பேச்சாளர்கள் எல்லாரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பெற்றோர் யாரும் வெளியே வரமாட்டார்கள். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் கார்ப் பந்தயம் நடக்கும் வாரத்தில் ஹோட்டல் கட்டணம் எகிறும். பிறகு தீபாவளி. ஜூன், டிசம்பர் விடுமுறையில் பாதிப் பேர் இந்தியா போய்விடுவார்கள். எந்த நாளும் எல்லாருக்கும் பொருந்தாது. யார் கட்டாயம் வரவேண்டும் என்று முதலில் முடிவு செய்தால் நாள் தானாகக் கிடைக்கும்.

நாள் கிடைத்ததும் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கட்டுரைத் தொகுப்பு அச்சாக எத்தனை வாரம்? அதற்குமுன் மெய்ப்பு பார்க்க எத்தனை வாரம்? வெளிநாட்டுப் பேச்சாளருக்கு விசா தேவையா, அதற்கு எத்தனை நாள்? இப்படி எண்ணிக்கொண்டே வந்தால், கட்டுரைக்கான அழைப்பை நேற்றே அனுப்பியிருக்க வேண்டும் என்பது தெரியவரும். பரவாயில்லை, இப்போதாவது தெரிந்ததே!

வெளிநாட்டு உறுப்பினர்களோடு இணையம் வழி கூடுகிறீர்களா? நமக்கு இரவு 9 மணி என்றால் சென்னையில் மாலை 6.30. கோடைக்காலத்தில் லண்டனில் பிற்பகல் 2, டொரோண்டோவில் காலை 9, கலிஃபோர்னியாவில் காலை 6. சிட்னியில் இருப்பவருக்கு இரவு 11. எப்போதும் ஒரே ஆள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதபடி நேரத்தைச் சுழற்சி முறையில் மாற்றுங்கள். ஆறு மாதம் கழித்து அவர் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை என்று கேட்க வேண்டியிருக்காது.

'பார்த்துக்கொள்ளலாம்' வேண்டாம்

நம் கூட்டங்களில் அதிகம் புழங்கும் சொல் 'பார்த்துக்கொள்ளலாம்'. ஒலிபெருக்கி? பார்த்துக்கொள்ளலாம். சைவச் சாப்பாடு எத்தனை? பார்த்துக்கொள்ளலாம். யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்பதை அந்தச் சொல் சொல்வதே இல்லை. கூட்டக் குறிப்பில் அந்தச் சொல்லுக்குத் தடை போடுங்கள்.

கூட்டக் குறிப்பு நீளமாக இருக்கவேண்டியதில்லை. யார் என்ன பேசினார் என்பதை எல்லாம் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். முடிவான ஒவ்வொரு வேலைக்கும் மூன்று செய்தி போதும்: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். பொறுப்பு என்ற இடத்தில் 'குழு' என்று எழுதக்கூடாது, ஒருவர் பெயர்தான் எழுதவேண்டும். அன்றிரவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அடுத்த கூட்டத்தை அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்குங்கள். வாட்ஸ்அப் குழுவிலேயே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அங்கே காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் முடிவுகள் தொலைந்துபோகும்.

மேடைக்கு முந்திய நாள்

தொலைக்காட்சியில் அரைமணி நேர நேரலைக்கு நொடிக் கணக்கில் பட்டியல் போடுகிறோம். யார் எப்போது பேசுவார், எந்தப் படம் எப்போது வரும், ஒருவர் அதிகம் பேசினால் எதைக் குறைப்பது என்று எல்லாம் அதில் இருக்கும். மாநாட்டுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். முக்கியமாக, பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். எழுதாவிட்டால், அந்த நேரம் கடைசியில் கட்டுரை படிக்கும் இளம் ஆய்வாளரின் கணக்கிலிருந்துதான் போகும். இருபது நிமிடத்துக்குத் தயாரித்துக்கொண்டு, சில நேரம் கடல் கடந்தும் வந்த ஒருவரிடம், 'ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்' என்று துண்டுச்சீட்டு கொடுப்பது பெரிய அநியாயம்.

இன்னொன்று. பேச்சாளர்களின் படவில்லைகளை முந்திய நாளே மண்டபத்துக் கணினியில் திறந்து பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தயாரித்தவை அங்கே ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். 1997இல் எந்தப் பிரச்சினைக்காக மாநாடு கூட்டினோமோ அது, சரிபார்க்காத கணினியில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

முன்கூட்டியே எல்லாம் முடிவா?

இப்போது ஒரு கேள்வி எழலாம். எல்லாவற்றையும் முன்கூட்டியே பத்துப் பேர் பேசி முடித்துவிட்டால், மாநாட்டுக்கு வருகிறவர்கள் கைத்தட்டத்தானா? நியாயமான கேள்வி. அப்படி நடக்கும் மாநாடுகளும் உண்டு. தீர்மானங்கள் வீட்டிலேயே அச்சாகி வந்துவிடும், மண்டபத்தில் படிப்பது மட்டும்தான் பாக்கி.

நான் சொல்லும் முன்னேற்பாடு அதுவல்ல. மாநாட்டில் எந்தக் கேள்விகளை விவாதிப்பது, எந்தெந்தத் தெரிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என்ன நன்மை, என்ன தீமை என்று தெளிவாக்குவதுதான் முன்கூட்டத்தின் வேலை. அதை ஒரு பக்கத்தில் எழுதி, வருகிறவர்கள் எல்லாருக்கும் இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள். ஒத்துப்போகாதவரின் கருத்தையும் அந்தப் பக்கத்தில் அவர் சொன்னபடியே போடுங்கள். ஒருங்குறிக் குழுவுக்கு வரும் முன்மொழிவுகள் முன்னதாகவே பொதுவில் வைக்கப்படுவதால்தான், 2010இல் தமிழர்களால் குரல் எழுப்ப முடிந்தது. அந்தத் திறந்த மனத்தை நம் சங்கத்துக் கூட்டத்திலும் கடைப்பிடிப்போம்.

அடுத்த மேசை

நேயர்களே, இதை ஏன் இன்று அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்முன் இப்போது இன்னொரு மேசை போடப்பட்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவின் காலம் இது. இயந்திரங்கள் தமிழ் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டிருக்கின்றன. தென்கிழக்காசிய மொழிகளுக்காகச் சிங்கப்பூரில் உருவாக்கப்பட்டுவரும் 'சீ-லயன்' மொழி மாதிரியில் தமிழும் ஒரு மொழி. எந்தத் தமிழை அது படிக்கவேண்டும், எது நல்ல தமிழ் என்று யார் சொல்வது, சிங்கப்பூர்த் தமிழுக்கு அதில் இடம் உண்டா? இதையெல்லாம் பற்றி எங்கெங்கோ, விளக்கேற்றாத அறைகளில், கூட்டங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. 2011இல் '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே இணைய முகவரி வந்தது, சீனத்திலும் வந்தது. அது தானாக வரவில்லை. களப்பெயர் பற்றித் தமிழர்களும் மற்ற மொழியினரும் ஆண்டுக்கணக்காகக் கூட்டங்களில் பேசியதன் பலன்.

ஆகவே இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாநாட்டு நாளன்று சட்டையில் அட்டை குத்திக்கொண்டு வரவேற்புக்கு நிற்பதோடு உங்கள் பங்கு முடிந்துவிடக்கூடாது. அடுத்த முறை உங்கள் சங்கம், உங்கள் பள்ளி, உங்கள் துறை ஒரு மாநாட்டுக்கு ஏற்பாடு செய்யும்போது, முதல் ஏற்பாட்டுக் கூட்டத்துக்கே போய் உட்காருங்கள். பெரியவர்களே, அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். போட்டுவிட்டு, ஒரு பொறுப்பையும் அவர்கள் பெயரில் எழுதுங்கள், தேதியோடு.